எண்ணிக்கையைக் கொடியாகப் பிடிக்கும் ராப் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ராப் ரசிகர்களே,

டிரேக் பக்கம் நிற்பவர்கள், கெண்டிரிக் லமார் பக்கம் நிற்பவர்கள், இரண்டு பேரையும் விட்டுவிட்டு டிராவிஸ் ஸ்காட்டுக்கோ நிக்கி மினாஜுக்கோ கொடி பிடிப்பவர்கள் என எல்லோருக்கும் பொதுவாகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் சண்டை போடுவதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. ஹிப்-ஹாப் சண்டையில் வளர்ந்த கலை. யார் பெரியவர் என்ற கேள்வி இல்லாமல் அது ஒரு நாளும் இருந்ததில்லை. என் புகார் நீங்கள் எடுத்துக்கொண்டு வரும் ஆயுதத்தைப் பற்றியது. இத்தனை கோடி ஸ்ட்ரீம், இத்தனை வாரம் முதலிடம், முதல் வாரத்தில் இத்தனை லட்சம் யூனிட். ஒரு பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மூன்றாவது வாக்கியத்துக்குள் பாட்டு காணாமல் போய், மண்டிக்கடைக் கணக்குப்பிள்ளைகள் இருவர் பேரேட்டைப் புரட்டுவது போல ஆகிவிடுகிறது. அந்தப் பேரேட்டை எழுதுகிறவர் யார், எந்த விதிப்படி எழுதுகிறார், அந்த விதி எத்தனை தடவை மாறியிருக்கிறது என்று கொஞ்சம் பார்த்தால், எந்த எண்ணை வைத்து எதை நிரூபிக்கிறோம் என்பதே சந்தேகத்துக்குரியதாகிவிடும். பட்டியலில் வரும் எண், பாட்டை அளப்பதைவிட, அந்தப் பாட்டு வந்த ஆண்டில் நடப்பில் இருந்த கணக்கு விதியைத்தான் அதிகம் அளக்கிறது. இதை விளக்கத்தான் இந்த மடல்.

முதலில் அண்மைக் கதை. 2024 மே மாதம் கெண்டிரிக்கின் ‘நாட் லைக் அஸ்’ வந்தது. டிரேக்குக்கும் அவருக்கும் நடந்த பாட்டுச் சண்டையில் வென்றவர் கெண்டிரிக்தான் என்று ஊரே தீர்ப்பு சொன்னது. மறு ஆண்டு பிப்ரவரியில் அந்தப் பாட்டு ஐந்து கிராமி விருதுகளை வாங்கியது. ஒரு வாரம் கழித்து நியூ ஆர்லியன்ஸில் நடந்த சூப்பர் பௌல் இடைவேளை மேடையிலும் ஒலித்தது. இதற்கு நடுவில், 2024 நவம்பரில், டிரேக் தரப்பு நியூயார்க் நீதிமன்றத்தில் ஒரு மனு போட்டது. யுனிவர்சல் மியூசிக் நிறுவனமும் ஸ்பாட்டிஃபையும் சேர்ந்து, போலிக் கணக்குகளை இயக்கும் ‘பாட்’ நிரல்கள் வரை பயன்படுத்தி அந்தப் பாட்டின் எண்ணிக்கையை ஏற்றிக்காட்டியதாக அதில் குற்றச்சாட்டு. இரு நிறுவனங்களும் அதை மறுத்தன. இரண்டு மாதத்துக்குள் அந்த மனு திரும்பப் பெறவும்பட்டது. அதன் பிறகு யுனிவர்சல் மீது டிரேக் தனியாகப் போட்ட அவதூறு வழக்கை 2025 அக்டோபரில் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. குற்றச்சாட்டு உண்மையா பொய்யா என்பதற்குள் நான் போகவில்லை. எனக்கு வியப்பளித்தது வேறு. பட்டியல் சாதனைகளை இந்தத் தலைமுறையில் அதிகம் குவித்தவர், தோற்ற பிறகு முதலில் சந்தேகப்பட்டது பட்டியலை. எண்ணை ஏற்றிக்காட்ட முடியும் என்பது டிரேக்கே நம்புகிற விஷயம் என்றால், அவருடைய ரசிகர்கள் மட்டும் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்வானேன்?

பழைய கதையையும் பார்த்துவிடுவோம். பில்போர்டு பத்திரிகையின், தனிப் பாட்டுகளுக்கான ‘ஹாட் 100’ பட்டியல் 1958 ஆகஸ்டில் தொடங்கியது. அதன் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல், அமெரிக்காவில் எந்த இசைத்தட்டு எவ்வளவு விற்கிறது என்பதைக் கடைக்காரர்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். கடையில் இருக்கும் ஆள் தொலைபேசியில் சொல்வதுதான் கணக்கு. அவருக்கு ராக் பிடித்தால் ராக் மேலே போகும். கம்பெனிக்காரர் அன்பளிப்பு கொடுத்திருந்தால் அந்தக் கம்பெனி மேலே போகும். கறுப்பின இளைஞர்கள் வாங்கிப்போகும் ராப் கேசட் அவர் நினைவுக்கே வராமல் போகலாம். 1991 மே மாதம் பில்போர்டு தன் ஆல்பப் பட்டியலை ‘சவுண்ட்ஸ்கேன்’ முறைக்கு மாற்றியது. கடையில் பில் போடும்போது ஸ்கேன் ஆகும் பார்கோடுதான் இனிக் கணக்கு. ஆள் சொல்வது கணக்கில்லை. அடுத்த சில வாரங்களில் என்.டபிள்யூ.ஏ. குழுவின் இரண்டாவது முழு ஆல்பம் நேராக இரண்டாம் இடத்தில் நுழைந்து, பிறகு முதலிடத்துக்குப் போனது. வானொலி தீண்டாத, காவல்துறையின் கோபத்தைச் சம்பாதித்த, காம்ப்டன் நகரத்துக் குழு அது. அதே ஆண்டு செப்டம்பரில் கார்த் புரூக்ஸின் கன்ட்ரி ஆல்பம் ஒன்று முதல் வாரத்திலேயே முதலிடத்தில் நுழைந்தது. சவுண்ட்ஸ்கேன் வருவதற்கு முன் அந்தப் பட்டியலின் வரலாறு முழுக்க, முதல் வாரத்திலேயே முதலிடம் பிடித்த ஆல்பங்கள் ஆறே ஆறுதான். இன்றோ அது சர்வசாதாரணம். 1991 கோடையில் அமெரிக்க மக்களின் காது ஒரே இரவில் மாறிவிடவில்லை. எண்ணுகிற கருவி மாறியது, அவ்வளவுதான்.

தனிப் பாட்டுகளின் பட்டியலில் இதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று நடந்தது. கடையில் சிங்கிளாக விற்பனைக்கு வராத பாட்டை ‘ஹாட் 100’-இல் சேர்க்கக் கூடாது என்பது 1998 டிசம்பர் வரை இருந்த விதி. கம்பெனிகள் கணக்குப் போட்டன: சிங்கிளை வெளியிடாவிட்டால் அந்த ஒரு பாட்டுக்காக ரசிகன் முழு ஆல்பத்தையும் வாங்கித்தானே ஆக வேண்டும்? எனவே நல்ல பாட்டுகளை வேண்டுமென்றே சிங்கிளாக விடாமல் பிடித்துவைத்தார்கள். ஃபியூஜீஸ் குழு பாடி 1996-இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்த ‘கில்லிங் மீ சாஃப்ட்லி’, அந்தக் குழுவின் சொந்த நாட்டு ‘ஹாட் 100’-இல் இடம்பெறவே இல்லை. நோ டவுட் குழுவின் ‘டோன்ட் ஸ்பீக்’ பதினாறு வாரம் வானொலிப் பட்டியலின் உச்சியில் இருந்தது. பிரதானப் பட்டியலில் அதன் பெயரே கிடையாது. தொண்ணூறுகளை வைத்து யார் பெரியவர் என்று எண் காட்டி வாதாடுகிற நண்பர்கள், அந்தப் பத்தாண்டில் தெருவெல்லாம் கேட்ட பாட்டுகளில் சில, பட்டியலைப் பொறுத்தவரை பிறக்கவே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி ஸ்ட்ரீம் காலம். இங்கேதான் உங்கள் வாதங்களில் பெரும்பாலானவை குடியிருக்கின்றன. 2014 டிசம்பரில் பில்போர்டு ஒரு கணக்கை அறிமுகப்படுத்தியது: ஒரு ஆல்பத்தின் பாட்டுகளை மொத்தம் 1,500 தடவை ஸ்ட்ரீம் செய்தால் ஒரு ஆல்பம் விற்றதற்குச் சமம். 2018 ஜூலையில் அதை மாற்றினார்கள். சந்தா கட்டிக் கேட்பவர்களின் 1,250 ஸ்ட்ரீம், விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்பவர்களின் 3,750 ஸ்ட்ரீம், இரண்டில் எதுவானாலும் ஒரு ஆல்பம் என்று அப்போது வைத்தார்கள். ஏன் 1,500? ஏன் 1,250? மூன்று பங்கு வித்தியாசம் எங்கிருந்து வந்தது? அது மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசி முடித்த மாற்று விகிதம். இயற்கை விதி ஒன்றும் இல்லை. இந்த விகிதத்தின் நிழலில்தான் 2018 ஜூன் இறுதியில் டிரேக்கின் ‘ஸ்கார்ப்பியன்’ வந்தது. 25 பாட்டுகள், முதல் வாரத்தில் 7.32 லட்சம் யூனிட். அந்த வாரத்து ‘ஹாட் 100’-இன் முதல் பத்தில் ஏழு பாட்டுகள் அவருடையவை. 1964 ஏப்ரலில் முதல் பத்தில் ஐந்து பாட்டுகளை வைத்திருந்த பீட்டில்ஸின் சாதனையை டிரேக் முறியடித்தார் என்று தலைப்புச் செய்தி வந்தது. இன்று வரை உங்களில் பலர் எடுத்து வீசும் எண் அது.

அந்த ஒப்பீட்டைச் சற்றுப் பிரித்துப் பாருங்கள். 1964-இல் பீட்டில்ஸின் பாட்டு ஒவ்வொன்றும் தனித் தட்டு. ‘கேபிடல்’ நிறுவனம் தொடக்கத்தில் அவர்களை வேண்டாமென்று தள்ளியதால், பழைய பாட்டுகள் வீ-ஜே, ஸ்வான், டாலி என்ற சிறு லேபிள்களின் கையில் இருந்தன. ஆளாளுக்கு ஒரே சமயத்தில் வெளியிட்டார்கள். ஐந்து பாட்டும் வேண்டும் என்ற பெண்பிள்ளை ஐந்து தடவை காசை எண்ணிக் கொடுத்து ஐந்து தட்டு வாங்க வேண்டும். வாங்கிய தட்டை வீட்டில் ஆயிரம் தடவை சுழற்றினாலும் அது ஒரே ஒரு விற்பனைதான். ‘ஸ்கார்ப்பியன்’ வெளிவந்த இரவில் ஒருவர் அதன் முதல் பாட்டை அழுத்திவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனால், 25 பாட்டுக்கும் ஆளுக்கொரு ஓட்டு விழுந்துவிடும். ஒரு பக்கம் வாங்குவதை எண்ணினார்கள், மறுபக்கம் கேட்பதை எண்ணுகிறார்கள். ஒன்று உயர்வு மற்றது தாழ்வு என்று நான் சொல்லவில்லை; உண்மையில், கேட்பதை எண்ணுவது பல வகையில் நேர்மையான கணக்கு என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. ஆனால் படியால் அளந்த நெல்லையும் தராசில் நிறுத்த நெல்லையும் அருகருகே எழுதி, இது அதைவிடப் பெரிது என்று சொல்ல முடியாது. நான்கே ஆண்டில், 2022 அக்டோபரில், டெய்லர் ஸ்விஃப்டின் ‘மிட்நைட்ஸ்’ வெளியானதும் முதல் பத்து இடமும் அவருக்கே போயின. அப்படியானால் பீட்டில்ஸைவிட டிரேக், டிரேக்கைவிட டெய்லர் என்று வரிசை போட்டுவிடலாமா? டிரேக் ரசிகர்கள் யாரும் அந்த வாரம் அப்படி ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. 

கெண்டிரிக் ரசிகர்கள் இதைப் படித்துச் சிரித்துக்கொண்டிருக்க வேண்டாம். 2024 நவம்பரில் முன்னறிவிப்பில்லாமல் ‘ஜிஎன்எக்ஸ்’ வந்தபோது, அடுத்த பட்டியலின் முதல் ஐந்து இடமும் உங்கள் ஆளுக்குத்தான். அந்த ஐந்தையும் நீங்கள் எவ்வளவு பெருமையாகச் சுமந்தீர்கள் என்பதும் ஊருக்குத் தெரியும். அதே விதி, அதே விகிதம். மற்றவர்களும் விலக்கில்லை. 2018 ஆகஸ்டில் டிராவிஸ் ஸ்காட்டின் ‘ஆஸ்ட்ரோவேர்ல்ட்’ முதலிடத்தை விடாமல் பிடித்துக்கொள்ள, நிக்கி மினாஜின் ‘குயின்’ இரண்டாம் இடத்தில் நுழைந்தது. சட்டை, தொப்பி, கச்சேரி அனுமதி என்று பொட்டலம் கட்டி ஆல்பத்தை விற்றுவிட்டார்கள் என்று நிக்கி வெளிப்படையாகக் குமுறினார். மறு ஆண்டு டிஜே காலிதின் ஆல்பம் எனர்ஜி டிரிங்க்கோடு சேர்த்து விற்கப்பட்டது. அந்த விற்பனையை பில்போர்டு ஏற்கவில்லை. முதலிடம் டைலர், தி கிரியேட்டரின் ‘இகோர்’ ஆல்பத்துக்குப் போனது. 2020 அக்டோபரில் இந்தப் பொட்டல வியாபாரத்துக்கே பில்போர்டு பெரும்பாலும் தடை போட்டது. நம் பக்கத்திலும் உதாரணம் உண்டு. 2019 ஜூலையில் பாட்ஷாவின் ‘பாகல்’ இந்திப் பாட்டு 24 மணி நேரத்தில் 7.5 கோடி பார்வை பெற்று பிடிஎஸ்ஸின் சாதனையைத் தாண்டியதாக அறிவித்தார்கள். விளம்பரத்துக்குக் காசு கொடுத்து ஏற்றிய பார்வைகளை 24 மணி நேரச் சாதனைக் கணக்கில் இனிச் சேர்ப்பதில்லை என்று யூட்யூப் அதே ஆண்டு செப்டம்பரில் விதியை மாற்றியது. காலியான அரங்கில் படத்தை ஓட்டி நூறாவது நாள் போஸ்டர் ஒட்டிய ஊர்க்காரர்கள் நாம். இந்த வித்தைகளைப் பார்த்து நமக்கு அதிர்ச்சி வந்தால்தான் ஆச்சரியம்.

எண் வெறுமனே தப்பாக அளந்துவிட்டுப் போயிருந்தால்கூடப் பரவாயில்லை என்று விட்டுவிடலாம். அளக்கப்படுகிற பொருளையே அது மாற்றிவிடுகிறது என்பதுதான் என் உண்மையான கவலை. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 30 வினாடி ஓடினால் ஒரு ஸ்ட்ரீம். அது இரண்டு நிமிடப் பாட்டா ஆறு நிமிடப் பாட்டா என்பது கணக்கில்லை. இந்த விதி தெரிந்த எந்த வியாபாரியும் இரண்டு முடிவுக்குத்தான் வருவார்: பாட்டைச் சுருக்கு, எண்ணிக்கையைக் கூட்டு. கிறிஸ் பிரவுன் 2017-இல் 45 பாட்டுகள் கொண்ட ஆல்பம் வெளியிட்டார். மறு ஆண்டு மைகோஸ் குழுவின் ‘கல்ச்சர் 2’ 24 பாட்டுகளோடு ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு நீண்டது. முதல் ‘கல்ச்சர்’ ஆல்பத்தின் இறுக்கம் இதில் எங்கே போனது என்று அந்தக் குழுவை நேசித்தவர்களே கேட்டார்கள். லில் நாஸ் எக்ஸின் ‘ஓல்ட் டவுன் ரோட்’ மூல வடிவத்தில் ஒரு நிமிடம் 53 வினாடிதான். அதன் மேல் பில்லி ரே சைரஸை வைத்து ஒரு ரீமிக்ஸ், பிறகு இன்னொருவர், இன்னொருவர் என்று அடுக்கி, எல்லா வடிவங்களின் கணக்கும் ஒரே பாட்டின் கணக்கில் விழ, 2019-இல் 19 வாரம் முதலிடத்தில் இருந்தது. அது கெட்டிக்காரப் பாட்டு, எனக்குப் பிடித்ததும்கூட. கன்ட்ரி பட்டியலிலிருந்து பில்போர்டு அதை நீக்கியதும், அதனால் எழுந்த நிறவெறி விவாதமும், அந்தப் பாட்டின் கதையில் 19 வாரத்தைவிடச் சுவையான பகுதிகள். நீங்கள் நினைவில் வைத்திருப்பது என்னவோ 19-ஐத்தான்.

உங்கள் மறுப்புகள் எனக்குத் தெரியும். முதலாவது வலுவானது: எண்ணை விட்டுவிட்டால் தீர்ப்பு யார் கைக்குப் போகும்? விமர்சகர்கள் கைக்கும் விருதுக்குழுவின் கைக்கும்தானே? அவர்கள் ராப் இசைக்கு என்ன செய்தார்கள்? கேள்வி நியாயம். 1989-இல் கிராமி முதன்முதலாக ராப் விருது கொடுத்தபோது அதைத் தொலைக்காட்சியில் காட்டக்கூட இல்லை. வென்ற வில் ஸ்மித்தும் டிஜே ஜாஸி ஜெஃபும் விழாவைப் புறக்கணித்தார்கள். 2014-இல் கெண்டிரிக்கின் ‘குட் கிட், எம்.ஏ.ஏ.டி. சிட்டி’ போட்டியில் இருந்தும் சிறந்த ராப் ஆல்பம் விருது மேக்கல்மோர், ரையன் லூயிஸ் இணைக்குப் போனது. 1940-களின் இறுதி வரை பில்போர்டே கறுப்பினத்தவரின் பாட்டுகளை ‘இன இசைத்தட்டுகள்’ என்று தனிப் பந்தியில் உட்காரவைத்த பத்திரிகைதான். அப்படிப்பட்ட உலகத்தில் சரியான எண்ணிக்கை ஒரு நீதி என்பதை மறுக்க மாட்டேன். 1991-இல் சவுண்ட்ஸ்கேன் செய்தது அந்த நீதியைத்தான். ஆனால் அது எந்தக் கேள்விக்கு விடை சொன்னது என்று பாருங்கள். ராப்பை யாரும் வாங்குவதில்லை என்ற பொய்யை உடைத்தது. என்.டபிள்யூ.ஏ.வின் அந்த ஆல்பம் முந்தைய ஆல்பத்தைவிட நல்லதா என்ற கேள்வியை அது தொடவே இல்லை. 1988-இல் வந்த ‘ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்’ அன்றைய பட்டியலின் மேல் தட்டுக்கு வரவில்லை. முதலிடம் பிடித்த இரண்டாவதைவிட அதுதான் உயர்ந்தது என்று அந்தக் குழுவைக் கேட்டவர்கள் பெரும்பாலும் சொல்வார்கள், நானும் சொல்வேன். விருதுக்குழுவின் தீர்ப்பை ஏற்கச் சொல்லவில்லை. அதையும் சந்தேகப்படுங்கள். இரண்டையும் விட்டால் மிஞ்சுவது நம் காது. அதற்கு வேலை கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இரண்டாவது மறுப்பு: ராப் பாடகர்களே விற்பனையைச் சொல்லித்தானே மார்தட்டுகிறார்கள்? 2007 செப்டம்பர் 11-ஆம் தேதி கான்யே வெஸ்ட்டும் 50 சென்ட்டும் ஒரே நாளில் ஆல்பம் வெளியிட்டு எண்ணையே குத்துச்சண்டை மேடையாக்கினார்களே? ஆமாம். கான்யேயின் ‘கிராஜுவேஷன்’ முதல் வாரம் 9.57 லட்சம், 50 சென்ட்டின் ‘கர்டிஸ்’ 6.91 லட்சம். தோற்றால் தனி ஆல்பம் போடுவதையே விட்டுவிடுவேன் என்று 50 சென்ட் முன்கூட்டிச் சொல்லியிருந்தார், தோற்றார், விடவில்லை. அந்தப் போட்டியை நடத்தியவர்களுக்கே அது திருவிழாக் கூத்து என்று தெரியும். வறுமையிலிருந்து மேலே வந்தவன் தன் சம்பாத்தியத்தைச் சொல்லி மார்தட்டுவதில் ஒரு வாழ்க்கைக் கதை இருக்கிறது. அதை எதுகை போட்டு, தாளத்தில் உட்காரவைத்துச் சொல்லும்போது அது கலையாகிறது. அவனுடைய எண்ணை எடுத்து, எதுகையும் இல்லாமல் தாளமும் இல்லாமல், நாம் மார்தட்டினால் அது என்னவாகிறது?

மூன்றாவது மறுப்பு பணம் பற்றியது. எண் ஏறினால்தான் கலைஞருக்குச் சோறு, எனவே இரவு முழுக்கச் சத்தத்தைக் குறைத்துவைத்துப் பாட்டைச் சுழலவிடுவது நாங்கள் செய்யும் உதவி என்கிறீர்கள். சந்தாப் பணம் எப்படிப் பிரிகிறது என்று பாருங்கள். ஸ்பாட்டிஃபையில் உங்கள் சந்தா நீங்கள் கேட்ட கலைஞருக்கு நேராகப் போவதில்லை. எல்லோர் பணமும் ஒரே குளத்தில் சேர்ந்து, மொத்த ஸ்ட்ரீமில் யாருக்கு எத்தனை பங்கோ அந்த விகிதத்தில் உரிமையாளர்களுக்குப் பிரிகிறது. நீங்கள் ஒரு பாட்டை நூறு தடவைக்குப் பதில் ஆயிரம் தடவை ஓட்டினால் குளத்தில் புதிதாக ஒரு ரூபாயும் சேராது. ஏற்கெனவே கோடீஸ்வரரான உங்கள் நாயகரின் பங்கு அணுவளவு கூடி, அட்லாண்டாவிலோ லாகோஸிலோ இருக்கும் பெயர் தெரியாத ஒருவரின் பங்கு அணுவளவு குறையும். அந்தப் பெயர் தெரியாதவரின் பாட்டு ஆண்டுக்கு ஆயிரம் ஸ்ட்ரீமைத் தொடாவிட்டால், 2024 முதல் ஸ்பாட்டிஃபை அதற்குப் பணமே கொடுப்பதில்லை. உதவத்தான் வேண்டுமென்றால் டிக்கெட் வாங்குங்கள், தட்டு வாங்குங்கள்.

எண் எதை விட்டுவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஹிப்-ஹாப்பில் எனக்குப் பிடித்ததெல்லாம் அங்கேதான் இருக்கிறது. கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவின் ‘தி மெசேஜ்’ 1982-இல் ‘ஹாட் 100’-இல் 62-ஆம் இடத்தைத் தாண்டவில்லை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டைத் தொடங்கியபோது முதல் தொகுதியிலேயே சேர்த்த ஹிப்-ஹாப் பாட்டு அதுதான். எரிக் பி., ராக்கிம் இணையின் ‘பெய்டு இன் ஃபுல்’ 1987-இல் ஆல்பப் பட்டியலில் 58-ஆம் இடம். ராக்கிம் என்ன செய்தார் என்பதைப் புரிந்துகொள்ள ஆங்கில யாப்பு நூல் தேவையில்லை, நம் யாப்பே போதும். அவருக்கு முன் ராப் பெரும்பாலும் இயைபுத் தொடையில்தான் ஓடியது: அடியின் கடைசிச் சொல் அடுத்த அடியின் கடைசிச் சொல்லோடு ஒத்து ஒலிக்கும், வாக்கியமும் அங்கேயே முடியும். சாக்ஸஃபோன் வாசித்து வளர்ந்த, ஜான் கோல்ட்ரேனைக் கேட்டு ஊறிய ராக்கிம், ஒத்த ஒலியை அடிக்கு நடுவில், சீருக்குச் சீர் தூவினார். வாக்கியத்தை அடியின் எல்லையில் நிறுத்தாமல் அடுத்ததற்குள் வழியவிட்டார். குரலை உயர்த்தவும் இல்லை. இன்று நீங்கள் கொண்டாடும் யாரை எடுத்துக்கொண்டாலும் அவர் குரலில் ராக்கிமின் கடன் இருக்கிறது. அந்தக் கடனை 58 என்ற எண்ணில் எங்கே தேடுவது? 1994-இல் இருபது வயது நாஸ் வெளியிட்ட ‘இல்மேட்டிக்’ பத்துத் தடம், நாற்பது நிமிடத்துக்கும் குறைவு, 12-ஆம் இடம். எம்.எஃப். டூமும் மேட்லிபும் 2004-இல் செய்த ‘மேட்வில்லனி’க்குக் கிடைத்த உச்சம் 179.

நம்மோடு உறவுள்ள ஓர் உதாரணமும் உண்டு. இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்து, சிறுவயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த மாயா அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ., 2007 ஆகஸ்டில் வெளியிட்ட ‘காலா’ ஆல்பத்தில் ‘பேப்பர் பிளேன்ஸ்’ என்ற பாட்டு இருக்கிறது. தி கிளாஷ் குழுவின் பழைய பாட்டொன்றின் கிட்டாரை எடுத்து, அதன் மேல் துப்பாக்கிச் சத்தத்தையும் கல்லாப்பெட்டி திறக்கும் சத்தத்தையும் பல்லவியாகவே வைத்த பாட்டு. வந்தேறிகளைப் பற்றி மேற்குலகம் கொண்டிருக்கும் பயத்தை அதன் காதுக்கே திருப்பிப் பாடியது. ஏறத்தாழ ஓர் ஆண்டு அது பட்டியலில் பெரிதாக எதுவும் செய்யவில்லை. 2008-இல் ஒரு ஹாலிவுட் நகைச்சுவைப் படத்தின் முன்னோட்டத்தில் போட்டார்கள். ‘ஹாட் 100’-இல் நான்காம் இடம் வரை ஏறியது. முன்னோட்டத்துக்கு முந்திய பாட்டுக்கும் பிந்திய பாட்டுக்கும் ஓர் ஓசை வித்தியாசம் கிடையாது. அந்தப் பாட்டின் தகுதி எந்த மாதத்தில் கூடியது என்று எண் வாதிகள் யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக டிரேக் அணிக்கு ஒரு சொல். நான் கெண்டிரிக் பக்கம் சாய்ந்தவன் என்பது இதற்குள் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். உங்கள் எண்கள் உங்கள் ஆளைச் சிறியவராக்குகின்றன. அவருக்காக வாதாட அருமையான காரணங்கள் இருக்கும்போது நீங்கள் பேரேட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள். 2009-க்குப் பிறகு அவரும் ‘40’ என்று அழைக்கப்படும் தயாரிப்பாளர் நோவா ஷெபிப்பும் சேர்ந்து ஒரு புது ஓசையைக் கட்டினார்கள். இசையிலிருந்து கீச்சொலிகளை வடித்தெடுத்து, தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல மழுங்கவைத்து, அந்தக் காலியிடத்தில் குரலை மட்டும் தெளிவாக நிறுத்தினார்கள். பேச்சு எங்கே முடிகிறது, பாட்டு எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி ஒரே மூச்சில் இரண்டுக்கும் நடுவே நழுவும் முறையை, டிரேக் கண்டுபிடிக்கவில்லை என்றாலும், பொது வழக்காக்கியவர் அவர்தான். ‘மார்வின்ஸ் ரூம்’ பாட்டில் குடித்துவிட்டுப் பழைய காதலிக்குத் தொலைபேசியில் பேசும் ஒருவனின் அற்பத்தனத்தை மறைக்காமல் வைத்தது ராப்பில் சிறிய துணிச்சல் இல்லை. இதையெல்லாம் சொல்லி நீங்கள் வாதாடினால் எனக்குப் பதில் சொல்லக் கஷ்டமாக இருக்கும். ஏழு பாட்டு முதல் பத்தில் என்றால் கஷ்டமே இல்லை.

எனவே அடுத்த சண்டைக்கு வரும்போது ஒரு பாட்டோடு வாருங்கள். எந்த இடத்தில் தாளம் நின்றது, எந்த வரியில் மூச்சு மாறியது, எந்தச் சொல் உங்களைத் திரும்பக் கேட்கவைத்தது என்று சொல்லுங்கள். நானும் அப்படியே வருகிறேன். எங்கிருந்து தொடங்குவது என்று இரு அணிக்கும் குழப்பம் இருந்தால் ஒரு யோசனை. 2011-இல் வந்த டிரேக்கின் ‘டேக் கேர்’ ஆல்பத்தில் ‘பரிட் அலைவ்’ என்ற இடைப்பாட்டு ஒன்று இருக்கிறது. அதில் டிரேக் பாடவில்லை. முழுவதையும் பாடியிருப்பவர் கெண்டிரிக் லமார்.

அன்புடன்,
உங்களோடு சேர்ந்து கேட்கும் ஒரு ரசிகன்